சாட்சிக் கூண்டுக்கு முன்னும் பின்னும்: தடயவியல் புலனாய்வாளர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கான முழு வழிகாட்டி

"இந்த உறையின் மேல் இருக்கும் முத்திரை எண்ணைப் படியுங்கள்."

"4417."

"உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது?"

"4471."

குறுக்கு விசாரணையில் இந்த இரண்டு கேள்விகளே போதும். வழக்கறிஞர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிடலாம். உறைக்குள் இருப்பது சம்பவ இடத்தில் எடுத்த அதே பொருள்தானா என்ற சந்தேகம் நீதிபதியின் மனதில் விழுந்துவிட்டது. ஆய்வு ஒழுங்காகத்தான் நடந்திருக்கும், கருவியும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதில் அத்தனையும் ஆட்டம் காண்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கூண்டில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த உறையில் எண் எழுதிய நாளிலேயே சாட்சியத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பேன். அதனால் இந்த வழிகாட்டியை நீதிமன்ற வாசலில் தொடங்காமல், சம்பவ இடத்தில் தொடங்குகிறேன். நடைமுறைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜூரி முடிவு செய்யும் இடமும் உண்டு, நீதிபதி மட்டுமே முடிவு செய்யும் இடமும் உண்டு. உங்கள் நீதிமன்றத்தின் விதி கீழே சொல்வதற்கு மாறாக இருந்தால், விதிப்படியே நடங்கள்.

படி 1: குறிப்பேட்டை நீதிபதி படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள்

பார்க்கும்போதே எழுத வேண்டும். அலுவலகத்துக்குப் போய் ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட குறிப்புக்கும், அந்த இடத்திலேயே அவசரமாகக் கிறுக்கிய குறிப்புக்கும் நீதிமன்றத்தில் மதிப்பு வேறு. எழுத்து அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதீர்கள், மை பூசி மறைக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். அடித்துத் திருத்தியது தெரிந்தால் மனிதத் தவறு என்று எடுத்துக்கொள்வார்கள். மறைத்தது தெரிந்தால் எதையோ ஒளித்தீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணால் கண்டதையும் நீங்களாக ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். சுவரில் இருப்பது சிவந்த பழுப்புக் கறை. அது இரத்தம் என்று அந்த நிமிடம் உங்களுக்குத் தெரியாது. ஃபீனால்ஃப்தலீன் சோதனையில் இளஞ்சிவப்பு வந்தாலும் அது முதற்கட்டச் சோதனைதான். சில தாவரங்களில் உள்ள பெராக்ஸிடேஸ் நொதியும் அதே நிறத்தைக் காட்டும். மனித இரத்தமா, விலங்கின் இரத்தமா என்பதை அந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. குறிப்பேட்டில் "இரத்தம்" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், ஒன்றரை வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நேரம் எழுதும்போது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு வழக்கில் என் குறிப்பில் இருந்த நேரத்துக்கும் புகைப்படக் கோப்பில் பதிவான நேரத்துக்கும் பதினோரு நிமிட வித்தியாசம் இருந்தது. கேமராவின் கடிகாரம் தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் அதை எங்குமே எழுதிவைக்கவில்லை. கூண்டில் நின்று சொன்னபோது அது சாக்குச் சொல்வதுபோல எனக்கே கேட்டது. அன்றிலிருந்து, வேலை தொடங்கும் முன் கேமராவின் கடிகாரத்தையும் சரியான நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றையும் ஒரே படத்தில் எடுத்துவிடுவேன். கணினித் தடயங்களில் இது இன்னும் சிக்கல். சில பதிவுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், சில உள்ளூர் நேரத்தில் இருக்கும். எது எந்த நேரம் என்று அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: கைமாறிய ஒவ்வொரு தடவையும் எழுத்தில் இருக்கட்டும்

தடயப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதற்காக, முத்திரை உடையாமல் இருந்ததா என்ற தொடரில் ஒரு கண்ணி விடுபட்டாலும் கேள்வி அங்கேதான் வந்து நிற்கும். 1994-இல் நடந்த இரட்டைக் கொலைக்காக அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீது நடந்த வழக்கில், அவரிடமிருந்து எடுத்த இரத்த மாதிரிக் குப்பியைத் துப்பறிவாளர் ஒருவர் உடனே ஒப்படைத்துப் பதிவு செய்யாமல், அங்கே தடயம் சேகரித்துக்கொண்டிருந்தவரிடம் கொடுப்பதற்காகச் சிம்ப்சனின் வீட்டுக்கே எடுத்துப் போனார். அந்தக் குப்பி போன பாதையை எதிர்த்தரப்பு விடாமல் பிடித்துக்கொண்டது. தடயம் சேகரித்தவரைப் பல நாட்கள் கூண்டில் நிறுத்திக் குடைந்தார்கள். 1995 அக்டோபரில் சிம்ப்சன் விடுதலையானார். அந்தத் தீர்ப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் ஆய்வகத்தில் எவ்வளவு நவீனக் கருவி இருந்தாலும், குப்பி எந்த வழியாக வந்தது என்ற கேள்விக்கு அந்தக் கருவியால் பதில் சொல்ல முடியாது.

ஹார்ட் டிஸ்க், கைபேசி போன்றவற்றில் மூலத்தில் எதுவும் பதிவாகாமல் தடுக்கும் எழுத்துத் தடுப்புக் கருவி வழியாக நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பு (தரவின் கைரேகை போன்ற ஒரு குறியீடு) கணக்கிட்டு இரண்டையும் குறித்துவைக்கிறோம். எஸ்.எச்.ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு தொடர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முழுவதும் வேறாகிவிடும். கைபேசியில் சில நேரம் சாதனத்தை உயிரோடு வைத்துத்தான் தரவு எடுக்க முடியும். அப்போது சில பதிவுகள் நம்மாலேயே மாறும். மாறியதை ஒப்புக்கொண்டு, எது ஏன் மாறியது என்று எழுதிவைத்தவருக்குக் கூண்டில் சிக்கல் இல்லை. எதுவுமே மாறவில்லை என்று அடித்துச் சொன்னவர்தான் மாட்டிக்கொள்வார்.

படி 3: தடயம் எவ்வளவு சொல்கிறதோ, அறிக்கை அவ்வளவுதான் சொல்ல வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தடயவியலில் பெரிய அநியாயங்கள் பொய் சாட்சியால் நடந்ததைவிட, நேர்மையான மனிதர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னதால் நடந்தவை அதிகம் என்று நம்புகிறேன்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்டார். அவர்களைப் போன்ற ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென இறப்பதற்கு 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று குழந்தை மருத்துவ நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். ஒரு குழந்தைக்கு 8,543-இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி வந்த கணக்கு அது. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணுப் பின்னணி. அப்படியிருக்க இரண்டு மரணங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொண்டது அடிப்படைத் தவறு. அந்தக் கணக்கைக் கண்டித்துப் புள்ளியியலாளர்களின் சங்கமான ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டி 2001-இல் அறிக்கையே வெளியிட்டது. பிரேதப் பரிசோதனை செய்தவர் நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகளை வெளியே தெரிவிக்கவில்லை என்பதும் பிறகு தெரிய வந்து, 2003-இல் அந்தத் தாய் விடுதலையானார். ஒருவர் தன் துறையைத் தாண்டிப் பேசினார், இன்னொருவர் தன் கோப்பில் இருந்ததை முழுதாகக் காட்டவில்லை. அந்தத் தாய் மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

அமெரிக்காவில் நுண்ணோக்கி வழியாக முடியை ஒப்பிட்டுச் சொன்ன பழைய சாட்சியங்களை எஃப்.பி.ஐ மறுஆய்வு செய்து 2015-இல் முடிவை வெளியிட்டது. முடிச் சான்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்பட்ட 268 விசாரணைகளில் 257-இல் சாட்சிகள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பேசியிருந்தார்கள். இரண்டு முடிகள் ஒத்திருப்பதைப் பார்த்ததாகச் சொல்வது சரி. அது இவருடைய முடிதான் என்று சொல்ல நுண்ணோக்கி மட்டும் போதாது.

எனவே அறிக்கையில் செய்த வேலை, கிடைத்த முடிவு, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் கருத்து ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தெரியட்டும். இந்த முறையால் எதைச் சொல்ல முடியாது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். வேறு விளக்கம் சாத்தியமா என்று யோசித்திருந்தால் அதையும், அதை ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

முடிவைச் சரிபார்க்கச் சக ஊழியரிடம் கொடுக்கும்போது உங்கள் முடிவைச் சொல்லாமல் கொடுங்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ-யின் மூன்று நிபுணர்கள் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஒத்துக்கொண்டார். கடைசியில் ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று காட்ட, எஃப்.பி.ஐ மன்னிப்புக் கேட்டது. இந்தத் தவறை வைத்தே இடியல் டுரோர் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்து 2006-இல் வெளியிட்டார். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே சில வருடங்களுக்கு முன் பொருந்துகிறது என்று முடிவு சொன்ன ரேகைகளைக் கொடுத்து, இது மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்ட ஜோடி என்று சொன்னார். ஐவரில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை விட்டு விலகினார்கள். ரேகை அதேதான், கண்களும் அதேதான், காதில் விழுந்த கதை மட்டும் வேறு. "வேலை தொடங்கும் முன் வழக்கைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள்?" என்று கூண்டில் கேட்பார்கள். பதிலைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருங்கள்.

படி 4: சம்மன் வந்ததும்

முதலில் வழக்கு எண், தேதி, எதை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் கோப்பு முழுவதையும் எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அறிக்கையை மட்டும் புரட்டிவிட்டுப் போகிறவர்கள் தங்கள் சொந்தக் குறிப்பாலேயே கவிழ்கிறார்கள். கைக்குறிப்பு, வரைபடம், புகைப்படப் பட்டியல், கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்த அளவுத்திருத்தப் பதிவு, தொலைபேசிப் பேச்சின் குறிப்பு, மின்னஞ்சல் எல்லாம் கோப்புதான். படிக்கும்போது முரண்பாடு கண்ணில் பட்டால் அறிக்கையைத் தொடாதீர்கள். உங்களை அழைத்த வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் சொல்லி, தேதியிட்ட துணை அறிக்கை கொடுங்கள். 4417-ஐ 4471 என்று எழுதியதை நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அது எழுத்துப்பிழை. எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

முடிந்தால் சான்றுப்பொருளை நேரில் ஒருமுறை பாருங்கள். ஆய்வு செய்த காலத்தில் இருந்த வழிமுறைக் கையேடு எது, இன்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முறையை விமர்சித்து வந்த ஆய்வுகளையும் படியுங்கள். 2009-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, டி.என்.ஏ தவிர்த்த பல ஒப்பீட்டு முறைகளின் அறிவியல் அடித்தளத்தையே கேள்வி கேட்டது. அதைக் கேள்விப்பட்டதில்லை என்று கூண்டில் சொல்வது நன்றாக இருக்காது. உங்கள் முறை சோதித்துப் பார்க்கக்கூடியதா, பிழை விகிதம் தெரியுமா, பிற வல்லுநர்கள் பரிசீலித்து வெளியிட்டிருக்கிறார்களா, கட்டுப்பாட்டுத் தரங்கள் உண்டா, துறையில் ஏற்கப்பட்டதா என்பவை 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாபர்ட் வழக்கில் வைத்த அளவுகோல்கள். எந்த நாட்டில் சாட்சி சொன்னாலும் இந்த ஐந்துக்கும் பதில் தயாராக இருக்கட்டும்.

உங்கள் தகுதி விவரத்தையும் புதுப்பியுங்கள். இரண்டு நாள் பயிற்சி வகுப்பைப் பட்டயம்போல எழுதாதீர்கள். தகுதியில் கொஞ்சம் ஊதியது தெரிந்தாலும், முடிவுகளையும் ஊதியிருப்பீர்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

படி 5: அழைத்த வழக்கறிஞரோடு உட்காருங்கள்

இந்தச் சந்திப்பு தப்பான காரியம் இல்லை. பல இடங்களில் வழக்கமானதுதான். என்ன வரிசையில் கேட்பார், எந்தப் படங்களைக் காட்டுவார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் ஆய்வின் பலவீனமான இடங்களை நீங்களே அவரிடம் சொல்வது. "இதைக் கேட்டால் நான் இப்படித்தான் பதில் சொல்வேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். சிலர் "ஒத்திருக்கிறது" என்பதை, இதுதான் அது என்ற பொருள் தரும் "பொருந்துகிறது" என்று மாற்றிச் சொல்லக் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள்.

1993-இல் இங்கிலாந்தில் இகாரியன் ரீஃபர் என்ற கப்பல் பற்றிய வழக்கில், நிபுணர் சாட்சியின் கடமைகளை நீதிபதி கிரெஸ்வெல் வரிசைப்படுத்தினார். கருத்து வழக்கின் தேவைக்காக வளைக்கப்படாமல் சுயமாக இருக்க வேண்டும், கேள்வி தன் துறைக்கு வெளியே இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், கருத்து மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பவை அதில் உண்டு. சம்பளமோ கட்டணமோ யார் கொடுத்தாலும் கடமை நீதிமன்றத்துக்கு.

படி 6: உங்கள் துறை தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்

வீட்டிலோ அலுவலகத்திலோ இந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை உட்காரவைத்து ஐந்து நிமிடத்தில் விளக்குங்கள். அவர் திருப்பிச் சொல்வதைக் கேளுங்கள். அவர் சொல்வது தப்பாக இருந்தால் உங்கள் விளக்கம்தான் தப்பு.

எண்கள் வரும் இடத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். "இவரோடு உறவில்லாத யாரோ ஒருவரை எடுத்தால், அவரிடமும் இதே டி.என்.ஏ அமைப்பு தற்செயலாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்று நீங்கள் சொல்கிறீர்கள். கேட்பவர் காதில் "இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று" என்று விழுகிறது. இரண்டும் ஒன்றே இல்லை. ஒரு கோடிப் பேர் வாழும் ஊரில் அந்த அமைப்பு ஏறக்குறைய பத்துப் பேரிடம் இருக்கலாம். மற்றச் சான்றுகள் இல்லாமல் இந்த எண் மட்டும் ஒருவரைச் சுட்டாது. வழக்கறிஞரே இதைப் புரட்டிச் சொன்னால், அவர் உங்களை அழைத்தவராக இருந்தாலும், அதே இடத்தில் திருத்துங்கள்.

படி 7: அந்த நாள்

எளிமையான, சுத்தமான உடை. கோப்பு பக்க எண்ணோடு, தேடாமல் எடுக்கும் வரிசையில். சீக்கிரம் போய்விடுங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். வராந்தாவில் வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 8: முதல் விசாரணை

உங்களை அழைத்த தரப்பு கேட்கும். தகுதி, செய்த வேலை, முடிவு என்று போகும். கேள்வி வழக்கறிஞரிடமிருந்து வந்தாலும் பதிலை நீதிபதியையோ ஜூரியையோ பார்த்துச் சொல்லுங்கள். சாட்சியத்தை எழுதுகிறவரோ தட்டச்சு செய்கிறவரோ இருந்தால் அவருடைய கை நிற்கும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போகாதீர்கள். படத்தைக் காட்டி "இங்கே பாருங்கள்" என்றால் பதிவில் அந்த "இங்கே" எங்கே என்று யாருக்கும் தெரியாது. "ஏழாம் படத்தில், கதவின் இடது ஓரம், கைப்பிடிக்குக் கீழே" என்று சொல்லுங்கள்.

நினைவில்லாத விவரத்துக்குக் குறிப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கூண்டில் எதைத் திறந்து பார்த்தாலும் எதிர்த்தரப்பும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சம்பந்தமில்லாத துண்டுக் காகிதங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

படி 9: குறுக்கு விசாரணை

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பகையாளி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்காகச் சான்றைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. உங்கள் கருவிக்கு அளவுத்திருத்தம் போல உங்கள் முடிவுக்கு இது. இப்படி நினைத்துக்கொண்டால் கோபம் பாதி குறையும். முதல் விசாரணையில் என்ன குரலில் பேசினீர்களோ அதே குரலில் இங்கேயும் பேசுங்கள். ஒரு தரப்பிடம் இனிமையும் மறு தரப்பிடம் எரிச்சலும் காட்டினால் நீதிபதி அதைக் கவனிப்பார்.

ஒவ்வொரு கேள்விக்கும் முன் ஒரு மூச்சு விடுங்கள். கேள்வி முடியட்டும். ஆட்சேபம் எழுந்தால் வாயை மூடிக்கொண்டு நீதிபதி சொல்லும்வரை காத்திருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துங்கள். பதில் சொன்ன பிறகு வழக்கறிஞர் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அங்கேதான் தேவையில்லாத வாக்கியம் ஒன்று வந்து விழும்.

ஒரே கேள்வியில் இரண்டு கேள்விகள் வரும்: "நீங்கள் கையுறை மாற்றாமல் அந்த மாசுபட்ட துணியை எடுத்தீர்கள், சரிதானே?" இதில் துணி மாசுபட்டது என்பது ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. "இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கையுறையை மாற்றினேன், நேரம் என் குறிப்பில் உள்ளது. துணி மாசுபட்டதாக நான் எந்த அறிகுறியும் பார்க்கவில்லை" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

"ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அப்படிச் சொல்ல முடியும், சொல்லிவிடுங்கள். ஒற்றைச் சொல் உண்மையைத் திரித்துவிடும் என்றால் நீதிபதியைப் பார்த்து, "ஆம் என்று மட்டும் சொன்னால் தவறான பொருள் வரும், விளக்க அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களை அழைத்த தரப்பு மறுபடி கேள்வி கேட்கும் மறு விசாரணையில் இடம் கிடைக்கும்.

"உங்கள் ஆய்வில் தவறு நடந்திருக்கவே முடியாது என்கிறீர்களா?" இதற்கு மார்தட்டிப் பதில் சொன்னவர்கள் எல்லாரும் அடுத்த ஐந்து நிமிடத்தில் வருந்தியிருக்கிறார்கள். தவறு சாத்தியம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடிக்க என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்: கட்டுப்பாட்டு மாதிரி (என்ன முடிவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்தது), வெற்று மாதிரி (தேடும் பொருள் இல்லாதது), இரண்டாம் நபரின் சரிபார்ப்பு. கட்டுப்பாட்டு மாதிரி ஓட்டவில்லை என்றால் ஓட்டவில்லை என்றே சொல்லுங்கள்.

"இப்படி ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்" என்று தொடங்கினால், அந்தச் சூழ்நிலை இந்த வழக்கிலிருந்து எங்கே மாறுபடுகிறது என்று முதலில் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒரு நூலிலிருந்து ஒரு வரியைப் படித்துக்காட்டி ஒப்புக்கொள்கிறீர்களா என்றால், அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்க்கக் கேளுங்கள். முன்பு சொன்னதாக உங்கள் வாயில் வேறு சொல்லை வைத்தால் உடனே திருத்துங்கள். எவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்றால் தொகையைச் சொல்லுங்கள், முகம் சுளிக்காதீர்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லுங்கள். இவை இரண்டும் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடாதீர்கள். செய்யாத சோதனையை ஏன் செய்யவில்லை என்று கேட்டால், மாதிரி போதவில்லை, யாரும் கேட்கவில்லை, எனக்குத் தோன்றவில்லை என்று எது உண்மையோ அது. கூண்டில் நின்றபடியே தப்பு செய்ததை உணர்ந்தால் அந்த நிமிடமே நீதிபதியிடம் சொல்லித் திருத்துங்கள்.

சாட்சியம் பாதியில் நின்று உணவு இடைவேளை வந்தால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசாதீர்கள், உங்களை அழைத்த வழக்கறிஞரிடமும்கூட. திரும்பி வந்ததும் "இடைவேளையில் யாரோடு பேசினீர்கள்?" என்பது முதல் கேள்வியாக வரலாம்.

படி 10: மறு விசாரணையும் அதற்குப் பிறகும்

மறு விசாரணை சிறியதாக இருக்கும், குறுக்கு விசாரணையில் கிளம்பிய விஷயங்களைத் தெளிவுபடுத்தத்தான். விட்டுப்போனதையெல்லாம் கொட்டித் தீர்க்கும் இடம் இல்லை. நீதிபதியே ஏதாவது கேட்டால் அதற்கு அதிக கவனம் கொடுங்கள். அவர் எங்கே குழம்பியிருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில் தெரியும்.

விடுவித்த பிறகு சான்றுப்பொருள் யாரிடம் திரும்பியது என்று பார்த்துக் கைமாறல் பதிவில் அந்த வரியையும் எழுதி முடியுங்கள். சாட்சியப் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அன்று மாலையே, நினைவு சூடாக இருக்கும்போது, என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினீர்கள், எந்தக் குறிப்பு கைகொடுக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கோப்பில் வையுங்கள். மேல்முறையீட்டில் மறுபடி அழைப்பு வந்தால் அந்தக் கோப்பையும் கேட்பார்கள் என்பதை மனதில் வைத்தே எழுதுங்கள்.

தீர்ப்பு எப்படி வந்தாலும், பின்னாளில் உங்கள் முடிவில் பிழை இருந்ததாகத் தெரிந்தால், வழக்கு முடிந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். ஆய்வகத் தலைமைக்கும் உங்களை அழைத்த வழக்கறிஞருக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். எழுதியதன் நகல் ஒன்றைத் தேதியோடு கோப்பில் சேருங்கள்.